பதினெட்டாவது மரியாதை

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பிக்காவிட்டால், கதை கேட்க உட்கார்ந்தவர்கள் ‘இது கதையே இல்லை’ என்று எழுந்து போய்விடுகிறார்கள். எதற்கு வம்பு? நானும் அப்படியே ஆரம்பித்துவிடுகிறேன். முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வந்துவிடக்கூடிய ஒரு நாட்டில், மகுடவர்மர் என்றொரு ராசா இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. குளம் வெட்டினார், சத்திரம் கட்டினார், அடுத்தவர் நாட்டின்மேல் அநாவசியமாகப் படையெடுக்கவில்லை. ஆனால் மனுஷருக்கு மரியாதைப் பைத்தியம் மட்டும் தலைக்கு ஏறியிருந்தது.

அவர் குதிரை ஏறி வெளியே கிளம்பினால் பதினேழு மரியாதைகள் நடந்தாக வேண்டும். கொம்பு ஊத வேண்டும், முரசு அடிக்க வேண்டும், வெண்குடையைப் படாரென்று விரிக்க வேண்டும், சாமரம் வீச வேண்டும், அவருடைய நூற்றெட்டுப் பட்டப்பெயர்களையும் ஒருவர் தொண்டை கிழியக் கூவ வேண்டும். வழியில் நிற்கிற சனங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தடாலென்று நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். இன்னும் என்னென்னவோ உண்டு, சொன்னால் விடிந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதினேழும் கோட்டை வாசலைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும். உள்ளே சத்தம் போட்டால் மகாராணிக்குத் தலைவலி வந்துவிடும். அதனால் கோட்டைக்குள் எப்போதும் ஊசி விழுந்தால் கேட்கும்.

ராசாவின் வெள்ளைக் குதிரைக்குச் சாந்தமூர்த்தி என்று பெயர். பெயர் வைத்தவர் அதைக் கோட்டைக்குள் மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும். உள்முற்றத்தில் அது நிற்கிற அழகைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். முதுகில் புறா வந்து உட்காரும், அது ஏன் என்றுகூடக் கேட்காது. ஆனால் வாசலைத் தாண்டிச் சாலையில் ஒரு குளம்பை வைத்ததோ இல்லையோ, காது விறைக்கும், வால் கொடிமரம் ஆகும், நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும், குடையின் நிழலைக் கண்டு குதிக்கும், கடைசியில் பின்னங்காலில் எழுந்து நின்று வானத்தைப் பார்க்கும். வானத்தைப் பார்த்த பிறகு அதன் முதுகில் ராசா இருக்க மாட்டார்.

ஒரு தடவை அப்படித்தான் நடந்தது. விழுந்த இடம் எருமைகள் புரளும் குட்டை. பார்த்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? மகாராணியின் தம்பி, பக்கத்து நாட்டு ராசா. மைத்துனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனாராம். அன்றிலிருந்து மகுடவர்மர் சிரிப்பதையே விட்டுவிட்டார்.

சிரிக்காத ராசாவால் யாருக்குக் கஷ்டம்? அவை விகடன் கூத்தபிரானுக்குத்தான். ராசாவைச் சிரிக்க வைப்பதுதான் அவருக்கு வேலை, அதற்குத்தான் அரண்மனைச் சோறு. ஒரு மாதமாக அவரும் தலைகீழாக நின்று பார்த்தார், பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு அழுது பார்த்தார். ராசாவின் உதடு அசையவில்லை. இதற்காகவே வருஷக்கணக்கில் காத்திருந்த இரண்டு பேர் அவையில் உண்டு. ஒருவர் படைத்தலைவர் ரணசூரத் தளவாய். மீசையில் மட்டும் வீரம் உள்ளவர், அதைக் கூத்தபிரான் கேலி செய்யாத நாளில்லை. இன்னொருவர் செவ்வந்திப் புலவர். பட்டப்பெயர்களைக் கூவுவது அவர் பொறுப்பு. அவர் முழுப் பாட்டையும் பாடி முடிப்பதற்குள் கூத்தபிரான் எதையாவது சொல்ல, அவை சிரித்துக் கலைந்துவிடும். பதினொரு வருஷமாக ஒரு பாட்டையும் அவர் முடித்ததில்லை.

ஒரு நாள் அவையில் ராசா முழங்கினார்.

“தேர்த் திருவிழாவுக்கு மைத்துனர் மீண்டும் வருகிறார். அவர் கண்ணில் அந்தக் குதிரை படக் கூடாது. அரசனைக் குட்டையில் தள்ளுவது ராசத்துரோகம். பட்டத்து யானையின் காலால் அதை இடறச் சொல்லுங்கள். அதைப் பழக்கிய ராவுத்தரை நாடு கடத்துங்கள்.”

குதிரை லாயத்தைக் கவனித்துவந்த உதுமான் ராவுத்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

கூத்தபிரானுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து கும்பிட்டார். “மன்னர் மன்னவா, ஒரு விண்ணப்பம். இந்தக் குதிரை கோட்டைக்குள் ஒரு குற்றமும் செய்ததில்லை. சாலைக்குப் போனால்தான் கெட்டுப்போகிறது. ஆகவே முதல் குற்றவாளி சாலை. முதலில் சாலையை யானைக்காலில் இடறிவிட்டு, அப்புறம் குதிரைக்கு வரலாம்.”

அவையே சிரித்தது. ராசா சிரிக்கவில்லை. தளவாய் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

“மன்னா, கூத்தபிரானுக்குக் குதிரைமேல் இத்தனை கரிசனம் இருக்கிறதே! அதை அவரே பழக்கட்டும். திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. அன்று அவரே அதன்மேல் ஏறிக் கோட்டை வாசலிலிருந்து ஆற்றங்கரை மண்டபம் வரைக்கும் பதினேழு மரியாதையோடும் வரட்டும். ஓர் அடி பிசகினாலும் குதிரைக்கு யானைக்கால், இவர்கள் இருவருக்கும் எல்லைக்கு அப்பால் இடம். அதுவரைக்கும் குதிரை வாசலைத் தாண்டக் கூடாது. ஊர் சிரித்தது போதும்.”

“நல்ல யோசனை” என்றார் ராசா. “பிசகாமல் வந்து சேர்ந்தால், மண்டபத்திலிருந்து கோட்டைக்கு நானே அதன்மேல் ஏறி வருவேன். மைத்துனர் பார்க்கட்டும். அன்று வரைக்கும் நான் அந்தக் குதிரையின் முகத்தில் விழிக்க மாட்டேன்.”

சாலைக்கே போகாமல் சாலையில் ஒழுங்காகப் போகப் பழக்க வேண்டும். எப்படி இருக்கிறது பாருங்கள்! செவ்வந்திப் புலவர் தளவாயின் கையை ரகசியமாகப் பிடித்துக் குலுக்கினார்.  கூத்தபிரான் பிறந்ததிலிருந்து குதிரை ஏறினதில்லை. குதிரை தும்மினாலே அவர் தூணுக்குப் பின்னால் போய்விடுவார்.

லாயத்தில் ராவுத்தர் சாந்தமூர்த்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“கப்பல்லேர்ந்து இறக்குறப்ப இது குட்டிங்க. கடல் ஆட்டத்துல நாலு நாளாப் பட்டினி. கொள்ளு வேகவச்சு, மசிச்சு, என் கையாலதான் ஊட்டினேன். இதைக் கொன்னா என்னையும் சேர்த்துக் கொன்னுடச் சொல்லுங்க. எல்லைக்கு அந்தாண்ட போயி நான் யாருக்குக் கொள்ளு வேகவைக்கிறது?”

“அழாதீங்க ராவுத்தரே. நீங்க அழுதா எனக்கும் வருது, ரெண்டு பேரும் அழுதா குதிரையை யாரு பார்க்கிறது? முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இது ஏன் வெளிய போனா இப்பிடிப் பேயாட்டம் ஆடுது?”

ராவுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இத்தனை வருசத்துல இதை என்கிட்டக் கேட்ட முதல் ஆள் நீங்கதாங்க. உள்ள ஈ பறந்தாக் கூடச் சத்தம் இல்ல. வாசப்படி தாண்டினதும் கொம்பு, முரசு, குடை, கூச்சல். நின்னுக்கிட்டிருக்கிற ஆளெல்லாம் திடீர்னு மண்ணுல விழுறான். குதிரை என்ன நினைக்கும்? உலகம் அழியுதுன்னு நினைக்கும். கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும்னு தளவாய்கிட்ட மூணு தடவை சொன்னேன். ‘குதிரைக்காரன் குதிரையைப் பார், மரியாதையைப் பத்திப் பேசாதே’ன்னுட்டாரு.”

“அவ்வளவுதானா?”

ராவுத்தர் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு இருக்கு. வெளியே சொல்லிடாதீங்க. வாசலைத் தாண்டினதும் ராசாவுக்குப் பயம் வந்துடுது. ரெண்டு காலாலயும் குதிரை விலாவைக் கிடுக்கிப் போட்ட மாதிரி இறுக்கிடுறாரு. மேல இருக்கிறவரே பயந்தா, கீழ இருக்கிறது சும்மா இருக்குமா?”

“இதை ராசாகிட்டச் சொன்னா?”

“யானைக்கு என் மேலயும் கால் வைக்கிற வேலை வந்துடும்.”

கூத்தபிரான் குதிரையைப் பார்த்தார். குதிரையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. “ராசாவோட காலுக்கு என்கிட்ட மருந்து இல்ல” என்றார் கடைசியில். “சாலைக்கு இருக்கு.”

மறுநாள் அவையில் கூத்தபிரான் பணிவாகக் கேட்டார். “மன்னா, குதிரை வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஆணை. தலைமேல் தாங்குகிறேன். சாலை வாசலைத் தாண்டி உள்ளே வரலாமா? அதற்கு ஆணையில் தடை இல்லையே?”

ராசா யோசித்தார். “சாலை எப்படி உள்ளே வரும்?”

“சாலை என்பது என்ன? அதில் போகிற ஆள், மாடு, கழுதை, கூச்சல், அவ்வளவுதானே? தினமும் நாற்பது குடிசனங்களை உள்முற்றத்துக்கு அனுப்பிவையுங்கள். அவர்கள் நடக்கட்டும், கத்தட்டும், விழட்டும். குதிரை அங்கேயே சாலையைப் படித்துக்கொள்ளும்.”

தளவாய் துள்ளி எழுந்தார். துள்ளாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். “மன்னா! உள்முற்றத்தில் குடிசனங்களா? அவைக்குரியவர்கள் தவிர வேறு எவரும் அங்கே கால் வைக்கக் கூடாது என்பது முன்னோர் வகுத்த முறை! அதை மீறினால் மரியாதை என்னாவது?”

மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் ராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். “உண்மை. முறையை மீற முடியாது.”

“ஐயையோ, முறையை மீறுவதா!” என்று கூத்தபிரான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “தளவாய் சொன்னதுதான் சரி. உள்முற்றத்தில் கழுதையாக நிற்கும் தகுதி அவைக்குரியவர்களுக்கு மட்டும்தான் உண்டு. ஆகையால் சாலையில் உள்ளவை அத்தனையையும் அவைக்குரியவர்களே செய்ய வேண்டும். முதல் மரியாதை எப்போதும் தளவாய்க்குத்தான். முதல் கழுதையும் அவராகவே இருக்கட்டும்.”

 ராசா நிதானமாக, நெற்றியைச் சுருக்கி, இதில் குற்றம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். அவருக்கு ஒன்றும் தென்படவில்லை.

“நியாயமாகத்தான் படுகிறது” என்றார். முத்திரை மோதிரத்தைக் கழற்றி ஓலையில் பதித்தும் கொடுத்துவிட்டார். மகாராணி தலைவலிக்குப் பயந்து அன்றே தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் அந்த முற்றத்தில் நடந்ததை என்னவென்று சொல்வது! பெரிய பெரிய உத்தியோகஸ்தர்கள் விடிந்ததும் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவர் முரசு. ஒருவர் கொம்பு. கோயில் விசாரிப்புக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கொடியில் காயும் வேட்டியாக ஆடினார். முப்பது பேர் வழிப்போக்கர்கள். கூத்தபிரான் கையைத் தட்டினால் முப்பது பேரும் தடாலென்று விழ வேண்டும். எல்லோருக்கும் தொப்பை. விழுவது சுலபமாக இருந்தது, எழுவதற்குத்தான் ஆள் வைத்துத் தூக்க வேண்டியிருந்தது. தளவாய் நாலு காலில் நின்று கழுதையாகக் கத்தினார். கத்தல் சரியில்லை என்று ராவுத்தர் இரண்டு தடவை திருப்பிக் கத்தச் சொன்னார்.

ராவுத்தர் வைத்ததுதான் அங்கே சட்டம். “முதல்ல தூரத்துலேர்ந்து, மெதுவாப் பண்ணுங்க. காது விறைச்சா அப்படியே நிறுத்துங்க. காது தளர்ந்ததும், யாரு பயமுறுத்தினாங்களோ அவங்களே கிட்ட வந்து, அவங்க கையாலயே வெல்லம் குடுங்க. நாளைக்கு இன்னும் ஒரு முழம் கிட்ட வாங்க.”

முதல் நாள் குதிரை முற்றத்தின் ஒரு மூலையில் நின்றது, அவையினர் மறு மூலையில் நின்றார்கள். கொம்பு பூனை இருமுகிற அளவுக்குத்தான் ஊதப்பட்டது. அதற்கே சாந்தமூர்த்தி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் குதித்தது. நாலாம் நாள் காது மட்டும் விறைத்தது. ஏழாம் நாள் குடை விரிந்தால் ‘வெல்லம் எங்கே’ என்று திரும்பிப் பார்த்தது. பத்தாம் நாள் முப்பது பேர் தடாலென்று விழுந்தபோது கொட்டாவி விட்டது.

வெல்லம் கொடுக்கும் வேலை அதிகமாக விழுந்தது தளவாய்க்குத்தான். கழுதை, மாட்டுவண்டி, கறுப்புக் கம்பளி போர்த்திய பிச்சைக்காரர் என்று மூன்று வேஷம் அவருக்கு. தம் தாத்தா கட்டிய தோல் கச்சையை அவர் ஒரு நாளும் இடுப்பிலிருந்து கழற்றுவதில்லை, அதிலேயே வெல்லத்தைச் செருகிவைத்துக்கொண்டார். சித்திரை வெயில். வெல்லம் உருகிக் கச்சைக்குள் ஊறியது. எறும்பு வரிசை கட்டி ஏறியது. படைத்தலைவர் நடந்து வந்தால் குதிரை பத்தடி தூரத்திலேயே மூக்கை நீட்டியது.

செவ்வந்திப் புலவரின் கதைதான் வேறு மாதிரி ஆகிவிட்டது. பட்டப்பெயர்களைக் கூவிக் குதிரையைப் பழக்குவது அவர் பாடு. கூவி முடித்த பிறகும் குதிரை நகரவில்லை. சும்மா இருப்பானேன் என்று தம்முடைய பாட்டொன்றை எடுத்துவிட்டார். நூற்றிருபது அடி. கடைசி அடி வரைக்கும் குதிரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. புலவர் பாடி முடித்துவிட்டு, நம்ப முடியாமல், அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்து விக்கி விக்கி அழுதார்.

“பதினொரு வருஷம், கூத்தபிரானே! என் பாட்டை முழுசாகக் கேட்ட முதல் ஜீவன் இது. இதன்மேல் யானை கால் வைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.”

இப்படியாகப் புலவர் கட்சி மாறினார். தளவாய் தனி ஆள் ஆனார்.

கூத்தபிரானும் சும்மா இருந்துவிடவில்லை. ராவுத்தர் அவரைத் தினமும் குதிரைமேல் ஏற்றினார், அவர் தினமும் வைக்கோலில் விழுந்தார். பன்னிரண்டாம் நாள்தான் விழாமல் முற்றத்தை ஒரு சுற்று வந்தார். இறங்கத் தெரியாமல் இரண்டாவது சுற்றும் வந்தார்.

“காலைத் தொங்க விடுங்க, ஐயா. துணி காயப்போட்ட மாதிரி தொங்கட்டும். பயமா இருந்தா எதையாவது பேசிக்கிட்டே வாங்க.”

“பேசுறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?” என்றார் கூத்தபிரான், கண்ணை மூடிக்கொண்டே.

திருவிழாவுக்கு முந்தின நாள் தளவாய் தம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கொம்பு பழகிவிட்டது, குடை பழகிவிட்டது, கழுதை பழகிவிட்டது. இந்தக் குதிரை பார்க்காதது என்ன? சுவரை அண்ணாந்து பார்த்தார். அவருடைய தாத்தா வேட்டையாடிய கரடியின் தோல் தலையோடும் பல்லோடும் அங்கே தொங்கியது. தளவாய் எழுந்து போய் அதைத் தட்டிப் பார்த்தார். தூசு பறந்தது. மனசுக்குள் பெரிய நிம்மதி அவருக்கு.

திருவிழா அன்று தளவாய்க்கு வயிற்றுவலி என்று சேதி வந்தது. கோட்டை வாசலில் ஊரே திரண்டிருந்தது. ஆற்றங்கரை மண்டபத்தில் ராசாவும் மைத்துனரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலேயே பட்டத்து யானையைத் தயாராகக் கட்டியிருந்தார்கள். அது கரும்பு தின்றுகொண்டிருந்தது. மைத்துனர் இப்போதே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

கூத்தபிரானைத் தூக்கிக் குதிரைமேல் வைத்தார்கள். ராவுத்தர் கடிவாளத்தைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. அவர் ஒதுங்கி, கையைப் பிசைந்துகொண்டு, உதடு அசையப் படைத்தவனிடம் முறையிட்டுக்கொண்டே பக்கத்தில் நடந்தார்.

சாந்தமூர்த்தி வாசலைத் தாண்டியது. கொம்பு முழங்கியது. காது அசையவில்லை. முரசு அதிர்ந்தது. வெண்குடை படாரென்று விரிந்தது. குதிரை திரும்பி, குடைக்காரரிடம் வெல்லம் வாங்கிக்கொண்டு நடந்தது. புலவர் நூற்றெட்டுப் பட்டப்பெயர்களையும் கூவினார். அது பழைய சிநேகிதரைப் பார்ப்பது மாதிரி பார்த்தது. ஊர் மொத்தமும் தடாலென்று மண்ணில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கூத்தபிரான் மட்டும் மேலே உட்கார்ந்து வாய் ஓயாமல் குதிரையிடம் பேசிக்கொண்டே வந்தார். “நல்லாப் போற, ராசா. இப்பிடியே போ, கண்ணு. ஓடுறதா இருந்தா முன்னாடியே சொல்லிடு.”

மண்டபம் கண்ணுக்குத் தெரிந்தது. சாலை திரும்புகிற இடத்தில் ஒரு புளியமரம். அதன் பின்னாலிருந்து, “உர்ர்ர்!” என்று ஒரு கரடி இரண்டு காலில் எழுந்து பாய்ந்து வந்தது.

சனங்கள் அலறினார்கள். கொம்புக்காரர் கொம்பைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறினார். ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். சாந்தமூர்த்தி நின்றது. இரண்டு காதும் ஈட்டி மாதிரி விறைத்தன.  அப்போதும் காலை மட்டும் கூத்தபிரான் இறுக்கவில்லை. இறுக்கலாம் என்று நினைத்தார், கால் மரத்துப்போயிருந்தது.

குதிரை மூக்கை நீட்டியது. ஒரு தடவை இழுத்து மோந்தது. இன்னொரு தடவை மோந்தது. காது இரண்டும் தளர்ந்தன. பயமுறுத்தி ஆயிற்று அல்லவா, இனி வெல்லம் தர வேண்டியதுதானே முறை? சாந்தமூர்த்தி நேராகக் கரடியிடம் போய், அதன் வயிற்றுக்குள் மூக்கை விட்டு, இடுப்பைத் தேட ஆரம்பித்தது.

கரடி பின்வாங்கியது. குதிரை முன்வந்தது. கரடி மறுபடி உறுமியது. குதிரை கனைத்து, கச்சையைப் பல்லால் பிடித்து இழுத்தது. “ஐயோ, விடு! விடு சனியனே!” என்று கரடி கத்திவிட்டுத் திரும்பி ஓட்டம் எடுத்தது. அது ஓடியது மண்டபத்தை நோக்கி. குதிரை அவசரப்படவில்லை. கரடிக்கு மூச்சு வாங்கும், எங்கே போய்விடும் என்கிற மாதிரி, ஓர் அடி பிசகாமல், நேர்கோட்டில் அதன் பின்னாலேயே நடந்தது. பின்னால் முரசு அடித்துக்கொண்டே வந்தது.

கரடி ராசாவின் காலடியில் வந்து விழுந்தது. “மன்னா, காப்பாற்றுங்கள்! நான்தான், ரணசூரன்! இது என் தாத்தாவின் கச்சையைத் தின்கிறது!”

கரடித்தலை ஒரு பக்கம் சரிந்து, அதன் வாய்க்குள்ளிருந்து ஒரு மீசை வெளியே வந்தது. சாந்தமூர்த்தி குனிந்து, நிதானமாக, கரடியின் காதை மெல்லத் தொடங்கியது.

மகுடவர்மர் பார்த்தார். உதடு துடித்தது. கன்னம் உப்பியது. அப்புறம் ஒன்றரை மாதத்துச் சிரிப்பு மொத்தமும் ஒரே சமயத்தில் வெடித்தது. கிரீடம் கழன்று உருண்டது, அதை எடுக்கக் குனிந்தவர் கரடியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தார். ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டதாம். யானைகூடக் கரும்பை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

மைத்துனர் மட்டும் சிரிக்கவில்லை. “அத்தான், இது என்ன? தளவாய் ஏன் கரடியாக வந்திருக்கிறார்?”

ராசா சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். “ஆமாம். ஏன் கரடியாக வந்தீர், தளவாய்?”

தளவாய் வாயைத் திறந்தார். என்னவென்று சொல்வார்? ராசா ஏறப்போகும் குதிரையை மிரட்ட வந்தேன் என்றா? பக்கத்தில் நின்ற யானை ஒரு காலைத் தூக்கிச் சொறிந்துகொண்டது. தளவாய்க்குக் கரடித் தோலுக்குள் வேர்த்துக் கொட்டியது.

குதிரைமேல் இருந்தபடியே கூத்தபிரான் குரல் கொடுத்தார். “மன்னர் மன்னவா, மற்ற ராசாக்களுக்குப் பதினேழு மரியாதைக்கு மேல் கிடையாது. தங்களுக்கு மட்டும் பதினெட்டாவதாக ஒன்று வேண்டும் என்று தளவாய் தாமே யோசித்து, வயிற்றுவலியோடு வந்து செய்திருக்கிறார். கரடி மரியாதை! முன்னால் கரடி ஓட, பின்னால் குதிரை வர வேண்டும். அப்படித்தானே, தளவாயாரே?”

தளவாய் யானையைப் பார்த்தார். கூத்தபிரானைப் பார்த்தார். “அ… அப்படித்தான், மன்னா.”

“எங்கள் நாட்டில் பதினைந்துதான்” என்றார் மைத்துனர். குரலில் பொறாமை வழிந்தது. “கரடி கிடையாது.”

மகுடவர்மருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். குட்டையில் விழுந்த அவமானம் அன்றோடு கழுவப்பட்டுவிட்டது.

கூத்தபிரானை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். இறக்கிய பிறகும் அவர் கால்கள் குதிரையின் அகலத்துக்கே விரிந்து நின்றன. ராசா சிரித்துக்கொண்டே குதிரைமேல் ஏறினார். சாந்தமூர்த்தி முதுகில் புறா உட்கார்ந்தால் நிற்கிற மாதிரியே நின்றது. மரியாதைகள் தொடங்கின. முன்னால் கரடித் தோலோடு தளவாய் ஓடினார், பக்கத்தில் கூத்தபிரானும் ராவுத்தரும் நடந்தார்கள். குதிரை தேர் மாதிரி அசைந்து நடந்தது.

பாதி வழியில் சனக்கூட்டம் அதிகமாயிற்று. ராசாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. பழைய பயம் தலைகாட்டியது, தொடை இறுகியது. குதிரையின் காது விறைக்க ஆரம்பித்தது. ராவுத்தர் முகம் வெளுத்துக் கூத்தபிரானைப் பார்த்தார். கூத்தபிரானுக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது.

“தளவாயாரே,” என்றார், “மரியாதை குறைகிறதே. கொஞ்சம் உறுமுங்கள்.”

தளவாய் உறுமினார். மூச்சு வாங்கியதில் உறுமல் பாதியில் விக்கலாகிவிட்டது. ராசா ‘கொல்’லென்று சிரித்தார். தொடை தளர்ந்தது. காதும் தளர்ந்தது. கோட்டை வாசல் வருவதற்குள் தளவாய் பதினான்கு தடவை உறுமினார்.

ராசா தம் தோளில் கிடந்த பொன்னாடையைக் கூத்தபிரானுக்குப் போர்த்தினார், கையில் கிடந்த காப்பைக் கழற்றி ராவுத்தர் கையில் போட்டார். “கூத்தபிரானே, இன்னும் என்ன வேண்டுமோ கேள்.”

“இரண்டு வேண்டும், மன்னா. குதிரை விஷயத்தில் ராவுத்தர் சொல்வதுதான் இனி சட்டமாக இருக்க வேண்டும். என்னை இனிமேல் உயிரோடு இருக்கும்வரை குதிரைமேல் ஏற்றக் கூடாது.”

ராசா அதற்கும் சிரித்தார். இரண்டையும் தந்தார்.

அன்று மாலை லாயத்தில் ராவுத்தர் கொள்ளு கிளறிக்கொண்டே கேட்டார். “ராசா காலை இறுக்குற விஷயத்தை எப்பங்க அவருகிட்டச் சொல்லப் போறோம்?”

கூத்தபிரான் உட்கார முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “எதுக்குச் சொல்லணும், ராவுத்தரே? அவர் சிரிக்கிற வரைக்கும் கால் இறுகாது. கால் இறுகாத வரைக்கும் உங்க பிள்ளை துள்ளாது. இனிமே அவர் வெளிய கிளம்பணும்னா நானும் கூடவே போயாகணும். என் சோத்துக்கு இனிமே என்ன குறை?”

சாந்தமூர்த்தி இருவரையும் பார்த்துவிட்டு வாசல் பக்கம் மூக்கை நீட்டியது. அங்கே கடிபட்ட கச்சைக்குப் பூச எண்ணெய் கேட்டுத் தளவாய் வந்துகொண்டிருந்தார்.

அந்த நாட்டில் அப்புறம் எத்தனையோ ராசாக்கள் வந்தார்கள், போனார்கள், பதினெட்டு மரியாதையும் குறையாமல் நடந்ததாம். மைத்துனர் நாட்டிலிருந்து அடுத்த மாதமே ஓலை வந்தது. கரடித் தோல் ஒன்று வேண்டும், தம் தளவாயின் இடுப்பளவு இதோ என்று எழுதியிருந்தார்.